வெண்பன்றிக்கு மரவள்ளித் தீவனம்
(கெங்கவல்லியில் உழவர்களிடையே ஆற்றிய உரை)



பயிர் பற்றிப் பேச வேண்டியவன் பன்றிக் கொட்டிலுக்குள் ஏன் நுழைகிறான் என்று நீங்கள் கேட்கலாம். காரணம் உங்கள் மரவள்ளிதான். கெங்கவல்லி, ஆத்தூர், தலைவாசல் பகுதிகளில் கிழங்கை விட்டால் ஆலை, ஆலையை விட்டால் வேறு வழியில்லை என்ற நிலை நெடுநாளாக இருந்து வருகிறது. சேலத்தில் 1981-ஆம் ஆண்டில் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் தோன்றிய பின்னும், ஜவ்வரிசி விலை இறங்கினால் கிழங்கு விலையும் கூடவே இறங்குகிறது. ஆலையில் மாவுச்சத்துப் 'பாயின்ட்' குறைவு என்று கழிக்கப்படும் கிழங்கையாவது வீட்டிலேயே இறைச்சியாக மாற்ற முடியுமா என்று பார்ப்போம்.

முடியும். 1970, 80-களில் தாய்லாந்திலிருந்து உலர்ந்த மரவள்ளி கப்பல் கப்பலாக நெதர்லாந்துக்கும் மேற்கு ஜெர்மனிக்கும் சென்று பன்றித் தீவனமாயிற்று. ஆனால் அங்கு அதைத் தனியாகப் போடவில்லை. சோயாப் பிண்ணாக்கைச் சேர்த்தே போட்டார்கள். நம்மில் பலர் தவறுவது இங்கேதான். கிழங்கை வேகவைத்துத் தவிட்டுடன் ஊற்றுகிறார்கள். பன்றி கொழுக்கிறது, ஆனால் வளர்வதில்லை.

மக்காச்சோளத்தில் புரதம் சுமார் 9 சதம். உலர்ந்த மரவள்ளிச் சில்லில் 2 முதல் 3 சதமே. புரதம் என்பது அமினோ அமிலங்களால் ஆனது. அவற்றுள் லைசினும் மெத்தியோனினும் பன்றிக்குத் தீவனத்தின் மூலமே கிடைத்தாக வேண்டும். லைசின் குறைந்தால் தசை வளராது. கடலைப் பிண்ணாக்கில் புரதம் நிறைய உண்டு, ஆனால் லைசின் குறைவு. எனவே அதை மட்டும் நம்புவது போதாது. மெத்தியோனினுக்கு இன்னொரு வேலையும் உண்டு. மரவள்ளியின் சயனைடு நஞ்சை முறிக்க உடலுக்குக் கந்தகம் தேவை. அது மெத்தியோனினிலிருந்து செலவாகிறது. ஆகவே மரவள்ளி தின்னும் பன்றிக்கு அது கூடுதலாகவே வேண்டும்.

நஞ்சை முதலிலேயே குறைத்துக் கொள்வது நல்லது. தோலில்தான் அது மிகுதி. ஆலைக்கென வளர்க்கும் இரகங்கள் பலவற்றில் இன்னும் அதிகம். தோலை நீக்கி, விரல் பருமனில் சீவி, களத்தில் மெல்லியதாகப் பரப்பி, கிளறிவிட்டு மூன்று நான்கு நாள் வெயிலில் காய வையுங்கள். ஒடித்தால் படக்கென்று ஒடிய வேண்டும். பூசணம் பிடித்த சில்லைத் தொட்டியில் போடாதீர்கள். பச்சைத் தோலையும் பச்சை இலையையும் எக்காரணம் கொண்டும் கொடுக்கக் கூடாது.

வளரும் பன்றிகளுக்கு ஏறக்குறைய 100 கிலோ கலவை இது: மரவள்ளிச் சில்லு 45 கிலோ, சோயாப் பிண்ணாக்கு 24 கிலோ, அரிசித் தவிடு 20 கிலோ, பூசணமில்லாத கடலைப் பிண்ணாக்கு 8 கிலோ, தாது உப்புக் கலவை 2 கிலோ, உப்பு அரை கிலோ, லைசின் 100 கிராம், மெத்தியோனின் 150 கிராம். இதில் புரதம் 17 சதத்தை ஒட்டி வரும். லைசினும் மெத்தியோனினும் கால்நடைத் தீவனக் கடைகளில் பொடியாகக் கிடைக்கும். சிறிய அளவாதலால் முதலில் இரண்டு கிலோ தவிட்டில் நன்றாகக் கலந்து, பிறகு மொத்தத்தில் சேருங்கள். நேராகக் கொட்டினால் ஒரு பன்றி முழுவதையும் தின்னும், மற்றது வெறும் சில்லைத் தின்னும். மரவள்ளி மாவு தூசியாகப் பறக்கும். தண்ணீர் தெளித்துப் பிசைந்தே வையுங்கள். பால் மறந்த சிறு குட்டிகளுக்கு இக்கலவை வேண்டாம்.

கட்டுப்படியாகுமா? 50 கிலோ மக்காச்சோளத்திற்கு ஈடு 42 கிலோ சில்லும் 8 கிலோ சோயாப் பிண்ணாக்கும். அந்தச் சில்லுக்குத் தோலோடு சுமார் 120 கிலோ பச்சைக் கிழங்கு வேண்டும். அக்கிழங்கிற்கு ஆலை தரும் பணம், 8 கிலோ பிண்ணாக்கின் விலை, சீவும் கூலி மூன்றையும் கூட்டுங்கள். மக்காச்சோள விலையை விடக் குறைந்தால் பன்றிக்குப் போடுங்கள். கூடினால் கிழங்கை ஆலைக்கே ஏற்றிவிடுங்கள். இந்தக் கணக்கு ஒவ்வோர் ஆண்டும் மாறும்.

பழைய தீவனத்திலிருந்து ஒரே நாளில் மாற்ற வேண்டாம். பத்து நாளில் சிறிது சிறிதாகக் கூட்டி, மாதம் ஒருமுறை பன்றிகளை எடை போட்டுக் குறித்து வையுங்கள்.