முழங்காலுக்குத் தொடையே துணை
(அடி அண்ணாமலையில் கூடிய நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)

 

அண்ணாமலையை வலம்வரும் 14 கிலோமீட்டர் வழியில், மலைக்கு மேற்றிசையிலுள்ள இவ்வூரில் நாம் கூடியிருக்கிறோம். பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கானோர் இவ்வழியே நடக்கின்றனர். ஆயினும் நம் குடும்பங்களில் வயது முதிர்ந்த தாய்மார் பலர், "இந்த முழங்காலை வைத்துக்கொண்டு எவ்விதம் நடப்பது?" என்று வீட்டோடு தங்கிவிடுகின்றனர். முதலில் கிரிவலம் நிற்கிறது. பின்னர்க் கோயிலுக்குப் போவதும் நிற்கிறது. இறுதியில் வாசற்படியே எல்லையாகிவிடுகிறது. இஃது தலைவிதியன்று, பெரும்பாலும் குறைத்துக்கொள்ளத்தக்க கேடேயாம் என்பதை எடுத்துக்காட்டுதலே இன்று நமது நோக்கம்.

முழங்கால் தன் வலிவால் மட்டும் நிற்பதன்று. தொடையின் முன்புறத்துப் பெருந்தசை நான்கு பிரிவாய்த் தொடங்கி, முழங்காற்சில்லைப் பற்றிக் கீழிறங்கிக் கணைக்காலெலும்பில் சேர்கிறது. குதிகால் தரையில் ஊன்றுங்கால், முழங்கால் மடிந்துவிடாமல் தாங்குவதும் அதிர்ச்சியை ஏற்பதும் அதுவே. இடுப்பு, பின்தொடை, கெண்டைக்கால் ஆகியவற்றின் தசைகள் அதற்குத் துணை. இவை தளர்ந்தால் முழங்கால் திடீரெனத் தொய்யும். முதியோர் விழ நேரும்.

பருத்த தொடை வலுத்த தொடையென்று எண்ணுவோர் உளர். அவ்வாறன்று. ஸ்தூல சரீரிகளுக்குத் தசையினிடையேயும் கொழுப்புப் படிகிறது. முதுமையிலோ தசையே குறைகிறது. ஆதலின் சுமக்கவேண்டிய பாரத்துக்கு ஏற்ற பலம் இல்லாமற் போகிறது. 2005-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மெஸ்ஸியர் என்பாரும் அவர் குழுவினரும், மூட்டுத் தேய்வுற்ற பருத்த முதியோரைப் பரிசோதித்து, உடலில் 1 கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின்மேல் ஏறும் பாரம் சுமார் 4 கிலோ குறைகிறதெனக் கண்டனர். ஒருமுறை கிரிவலம் வர ஒவ்வொரு காலும் ஏறக்குறைய 10,000 தடவை ஊன்றவேண்டும். எனவே 1 கிலோ குறைந்தவரின் ஒவ்வொரு முழங்காலுக்கும் ஒரு கிரிவலத்தில் 40,000 கிலோ பாரம் மிச்சமாகும்!

நிற்க. வலிக்கிறதென்று ஓய்ந்தே இருந்தால் தசை மேலும் மெலியும். அம்மெலிவு வலியை வளர்க்கும். உணவைக் குறைத்தல் மட்டும் போதுமோவெனின், போதாது. கொழுப்போடு தசையும் கரையும். 2013-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், 55 வயதும் அதற்கு மேலும் ஆன 454 பேரை 18 மாதம் கவனித்தனர். உணவுக் கட்டுப்பாடு, தேகாப்பியாசம் இரண்டையும் கைக்கொண்டவர்களே, ஒன்றை மட்டும் கைக்கொண்டவர்களினும் வலி குறையப்பெற்றனர்.

வீட்டிலேயே செய்யத்தக்கவை மூன்று. உறுதியான நாற்காலியில் அமர்ந்து, கூடியமட்டும் கையூன்றாமல் 10 முறை எழுந்தமர்தல்; அமர்ந்தபடியே ஒரு காலை நேரே நீட்டி, 5 எண்ணுமளவும் நிறுத்திப் பின் இறக்குதல்; சுவரைப் பிடித்துக்கொண்டு தாழ்ந்த படியொன்றில் ஏறியிறங்குதல். 65 வயதானோர் வாரத்தில் 2 நாளேனும் தசைக்குப் பலந்தரும் அப்பியாசம் செய்யவேண்டுமென்று உலக சுகாதார ஸ்தாபனம் 2020-இல் கூறியுள்ளது. உணவில் சோறும் சர்க்கரையும் எண்ணெய்ப் பலகாரமும் குறைக. பருப்பும் பயறும் மோரும் குறையற்க. மூட்டு வீங்கிச் சூடேறினாலும், மடக்கவோ நீட்டவோ இயலாது பூட்டிக்கொண்டாலும் வைத்தியரைக் காண்பதே முறை.

எடுத்த எடுப்பில் பௌர்ணமியன்று 14 கிலோமீட்டர் நடக்கத் துணிய வேண்டா. இன்று தெருக்கோடி வரை, அடுத்த வாரம் அதற்கப்பால் என்று மெல்ல வளர்க்க.

இளைஞர்களே! தாயார் அமர நாற்காலியிடுதல் மரியாதை. அதிலிருந்து அவர் தாமே எழும் பலம்பெற நாள்தோறும் அருகில் நின்று உதவுதல் அதனினும் மேலான பணி. அப்பணியை நம் இல்லந்தோறும் இன்றே தொடங்குமாறு வேண்டி, இத்துடன் நிறுத்திக்கொள்கிறோம்.