உறைபனியில் மிதிவண்டி



பின்லாந்து நாட்டில், பாத்னியா வளைகுடாவின் கரையில், ஔலு என்றொரு நகரம் உண்டு. டிசம்பர் இறுதியில் அங்கே பகற்பொழுது நான்கு மணி நேரத்திற்கும் குறைவு. அக்காலத்தும் பலர் மிதிவண்டியிலேயே வேலைக்குச் செல்கின்றனர். குளிர்கால மிதிவண்டிப் பயணம் பற்றிய முதல் அனைத்துலக மாநாடு 2013-ஆம் ஆண்டில் அந்நகரில்தான் கூடிற்று.

குளிர் மிகுந்தால் இடரும் மிகும் என்று நாம் எண்ணுவோம். உண்மை அதுவன்று. சுழியத்திற்குக் கீழே 20 பாகைக் குளிரில் பனிக்கட்டி இறுகிக் கிடக்கும். டயர் ஓரளவு பற்றிக்கொள்ளும். அஞ்சத்தக்கது சுழியத்தை ஒட்டிய நிலையே. பகலில் உருகிய நீர் மாலையில் மெல்லிய கண்ணாடித் தகடுபோல் உறையும். அடியிலுள்ள தாரின் கருமையே தெரிவதால், பனி இருப்பதே கண்ணுக்குப் புலப்படாது. பாலங்களோ, மேலும் கீழும் குளிர்காற்றுப் படுவதால், மற்றச் சாலைகளுக்கு முன்னரே உறைந்துவிடும்.

பின்சக்கரம் வழுக்கினால் பெரும்பாலும் சமாளிக்கலாம்; முன்சக்கரம் வழுக்கினால் விழுவதே மிச்சம். ஆதலின் பனியில் பின் பிரேக்கையே மெல்ல அழுத்துதல் வேண்டும். அதுவும் வளைவிற்கு முன்பே. சக்கரத்திற்குத் தரையில் உள்ள பிடிப்பு சிறிது. திரும்புவதற்கும் நிற்பதற்கும் அதனை ஒருசேரப் பங்கிட்டால் இரண்டிற்கும் போதாது.

டங்ஸ்டன் கார்பைடு முளைகள் பதித்த டயர்களும் உண்டு. விலை மிகுதிதான், எனினும் எலும்பு முறிவு வைத்தியத்தைவிட மலிவு. குளிர்நாடுகளுக்குப் படிக்கச் செல்வோரே, ஒன்றுதான் வாங்க இயலுமாயின், அதனை முன்சக்கரத்திற்கே மாட்டுங்கள்.