ராஜாவும் அவரே, பூசாரியும் அவரே

மேல்சித்தாமூர் போயிருக்கீங்களா? செஞ்சிக்குப் பக்கத்துல, தமிழ்ச் சமணர்களோட தலைமை மடம் இருக்கிற ஊர். மடத்துக்கு மடாதிபதி, செஞ்சிக் கோட்டையை ஆண்டவங்க வேற ஆளுங்க. ரெண்டு வேலையையும் ஒருத்தரே பார்த்தா? பேரரசர்கள் காலத்து ரோமில் அப்படித்தான். அதைக் காசுலயே அடிச்சு ஊருக்குச் சொன்னாங்க.

அந்தக் காசு நம்ம பக்கமும் வந்திருக்கு. 1842ல கோவை வெள்ளலூர்ல 500க்கும் மேற்பட்ட ரோமானிய வெள்ளிக் காசுகள் புதையலா கிடைச்சது. பெரும்பாலும் அகஸ்டஸ், டைபீரியஸ் வெளியிட்டவை. டைபீரியஸ் காசுல அவர் தலையைச் சுத்தி, 'தெய்வமான அகஸ்டஸின் மகன்'னு லத்தீன்ல இருக்கும். திருப்பினா 'தலைமைப் பூசாரி'ங்கிற பட்டம், நாற்காலியில ஒரு பெண். அவரோட அம்மா லிவியான்னு பலர் சொல்றாங்க. அமைதி தேவதைன்னு சொல்றவங்களும் உண்டு.

எனக்குப் பிடிச்சது அகஸ்டஸ் காசு. அவர் தத்தெடுத்த பேரன்கள் காயஸ், லூசியஸ் ரெண்டு பேரும் நிக்கிறாங்க. நடுவுல கேடயம், ஈட்டி. மேல பூஜைக் கரண்டி, குறி பார்க்கிறவரோட வளைஞ்ச கோல். அடுத்த வாரிசு இவங்கதான்னு போஸ்டர் ஒட்டுற மாதிரி! ஆனா கி.பி. 2ல லூசியஸ் இறந்தார், 4ல காயஸ். போஸ்டர் மட்டும் கப்பல் ஏறி இங்க வந்தது.

மிளகும் கல்லும் வித்த நம்ம ஆளுங்களுக்கு வாரிசு யாரா இருந்தா என்ன? வெள்ளி சுத்தமா இருக்கணும். கி.பி. 64ல நீரோ அந்த வெள்ளியைக் குறைச்சார். அதுக்கப்புறம் அடிச்ச ரோம வெள்ளிக் காசு நம்ம புதையல்கள்ல ரொம்ப அபூர்வம்.