ஞானஸ்நானத்தின் கருத்து

(நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஞானஸ்நானம் என்னும் கிறிஸ்தவச் சடங்கைக் குறித்து ஈண்டுச் சிறிது ஆராய்வாம். கிறிஸ்தவர் பலரோடு நாம் அண்டை அயலாராய் வாழ்ந்தும், அதன் கருத்தை அறிந்தார் சிலரே.

கிரேக்க மொழியில் இதற்கு வழங்கும் சொல் 'அமிழ்த்துதல்' எனப் பொருள்படும். நீரில் அமிழ்தல் பழைய வாழ்விற்கு இறத்தல். எழுதல் புதுவாழ்விற்குப் பிறத்தல். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்னும் நாமத்தினாலே இது நிகழும். ஆதிச் சபையாரின் ஒழுக்க நூலாகிய 'திதாக்கே', ஓடும் நீரே சிறந்தது என்றும், அஃது இல்வழி வேறு நீர் கொள்க என்றும், இரண்டும் இல்லையேல் மும்முறை தலையில் வார்த்தல் அமையும் என்றும் விதிக்கின்றது. நீரின் அளவினும் கருத்தே பெரிது என்பது இதனாற் பெறப்படும். இக்காலத்தும் பாப்டிஸ்து சபையார், தம் விசுவாசத்தைத் தாமே அறிக்கையிட வல்லார்க்கே முழுக்களிப்பர். கத்தோலிக்கரும் லுத்தரன் சபையாரும் குழந்தைகட்கும் அளிப்பர். உயிர்க்கு ஆபத்து நேருங்கால் குருவல்லாதாரும் அளிக்கலாம் என்பது கத்தோலிக்க விதி.

இச்சடங்கின் உயிர்நிலை யாது? பவுலடியார் கலாத்தியர்க்கு வரைந்த நிருபத்தில், ஞானஸ்நானத்தைக் கூறிய உடனே, இனி யூதன் கிரேக்கன் என்றும், அடிமை சுயாதீனன் என்றும் பேதமில்லை என்கின்றார். சீகன்பால்கு ஐயர் தரங்கம்பாடியில் வந்திறங்கியது 1706-ஆம் ஆண்டு. மறு ஆண்டு மே மாதத்தில் அவர் திருப்பணியில் முதன்முதல் ஞானஸ்நானம் பெற்ற ஐவரும் டேனியர் வீட்டு அடிமைகளாவர். ஆண்டான் பெற்ற ஞானஸ்நானத்தையே அடிமையும் பெற்றான்!

ஆயினும், நீர்த்தொட்டியருகே ஒழிந்த பேதம் ஆலயத்தினுள் ஒழிந்திலது. சாதிக்கோர் இடமாகப் பிரிந்தமர்ந்து தொழுதனர். 1833-ஆம் ஆண்டில் கல்கத்தாப் பேராயர் தானியேல் வில்சன், சபைகளில் சாதிபேதம் அறவே ஒழிதல் வேண்டுமென ஆணையிட்டார். அதனை ஏலாது தஞ்சை முதலிய இடங்களிற் பலர் சபையை விட்டு அகன்றனர். உடம்பு மூழ்கியெழுந்தது, மூழ்கவேண்டிய செருக்கோ மிதந்தே நின்றது.

அன்பர்களே, இதனைப் பிறர் குறையெனக் கொண்டு மகிழற்க. குலத்தின் பேரால் ஈண்டுக் கூடியுள்ள நமக்கு இஃதோர் கண்ணாடியாம். நம் பிள்ளைகள் கல்வியும் ஒழுக்கமும் எய்தற்பொருட்டே சங்கங் கூடினோம், பிறரைத் தாழ்த்தற்பொருட்டன்று. தீர்த்தமாடுதல் நமக்கும் புதிதன்றே. ஆற்றில் மூழ்கிக் கரையேறியவுடன் அயலானைக் கண்டு ஒதுங்கி நிற்போமாயின், நாம் நனைந்தோமேயன்றித் தூய்மையெய்தினோம் எனல் யாங்ஙனம்? சிந்திப்பீராக.