எந்த ஆளு, எந்த நிலம்?



நான் பேச வந்தது அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்து ஹோபி பழங்குடிப் பெண்களைப் பற்றி. மூன்று மேட்டுநிலங்களில் அவர்கள் ஊர்கள். 1680இல் ஸ்பானியரை எதிர்த்த பூப்லோ எழுச்சிக்குப் பின்னால் வந்து குடியேறிய டேவா மக்களுக்கும் அங்கே ஓர் ஊர் உண்டு. குலம் தாய்வழி. வீடும் பெண்ணுடையது. தாய்வழிச் சமூகம்னா பெண்ணுக்கு அடி உதையே இல்லைன்னு நம்ம ஆளுங்க மேடையில அளந்து விடறாங்க. அப்புறம் ஏன் ஹோபி, டேவா பெண்கள் வன்முறைக்கு எதிரா அமைப்பு கட்டி, அடிபட்டவளுக்குத் துணையா நிக்கிறாங்க?

அந்த ஊழியர்கள் வேலை லேசில்லை. சின்ன ஊர், அடிச்சவனும் முகம் தெரிஞ்சவன். சட்டமோ அதைவிட மோசம். அடி எவ்வளவுன்னு அது முதலில் கேட்காது. அடிச்சவன் எந்த ஆளு, நடந்தது எந்த நிலம்னுதான் கேட்கும். நமக்குத் தெரியாத கேள்வியா இது?

பழங்குடி அல்லாதவனைப் பழங்குடிக் கோர்ட்டு குற்றத்துக்காக விசாரிக்கக் கூடாதென்று 1978இல் ஒலிஃபண்ட் வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவன் அவள் வீட்டிலேயே குடியிருந்து அடித்தாலும் அப்படித்தான். 35 வருஷம் கழித்து, 2013இல், குடும்ப வன்முறைக்கு மட்டும் அந்த அதிகாரம் திரும்பியது. அதுவும் நிபந்தனைகளை நிறைவேற்றிய பழங்குடிக்குத்தான். ஜூரியில் பழங்குடி அல்லாதவரை ஒதுக்கக் கூடாது என்பது அதில் ஒன்று. உறவில்லாத வெளியாள் வன்புணர்ந்தால்? பிள்ளையை அடித்தால்? அதற்கு 2022 வரை காத்திருந்தார்கள்.

பழங்குடிப் பெண்களில் 5 பேரில் 4 பேருக்கு மேல் வாழ்நாளில் வன்முறையைச் சந்தித்தவர்கள் என்று 2016இல் அந்த அரசாங்கத்து ஆய்வே சொன்னது.