விஸ்கான்சின் கவர்னர் லா ஃபாலெட்

நம் நாட்டில் கவர்னர் குடியரசுத் தலைவரால் நியமிக்கப் பெறுபவர். அமெரிக்க மாநிலங்களிலோ அவர் மக்கள் வாக்களித்துத் தெரிந்தெடுக்கும் ஆட்சித் தலைவர். அத்தகையோருள் குறிப்பிடத் தக்கவர் விஸ்கான்சின் மாநிலத்து ராபர்ட் லா ஃபாலெட்.

1855-இல் உழவர் குடியிற் பிறந்து வழக்கறிஞரான அவர், 1896-லும் 1898-லும் கவர்னர் பதவிக்குக் குடியரசுக் கட்சியின் வேட்பாளராக முயன்று தோற்றார். வேட்பாளரைத் தெரிந்தெடுத்தது வாக்காளர் அல்லர். கட்சி மாநாட்டுப் பிரதிநிதிகள். அம்மாநாடுகளிலோ ரயில்வே முதலாளிகளின் செல்வாக்கு மிகுதி. நோய் எங்கே உள்ளது என்பதைத் தோல்வியே அவருக்குக் காட்டிற்று.

1901-இல் கவர்னரானார். வேட்பாளரையும் மக்களே தெரிந்தெடுக்க வகை செய்யும் சட்டம், 1904-இல் பொது வாக்கெடுப்பில் நிறைவேறிற்று. ரயில்வேக்களின் சொத்து மதிப்புக்கேற்ப வரி விதிக்கப் பெற்றது. கட்டணங்களை ஒழுங்கு செய்ய 1905-இல் ஒரு கமிஷனும் அமைந்தது.

1906-இல் செனட் சபை புகுந்தார். 1917-இல் போர்ப் பிரகடனத்தை எதிர்த்து வாக்களித்த அறுவருள் ஒருவரானார். துரோகி என்று தூற்றினர். சபையிலிருந்து விலக்கவும் ஆராய்ந்தனர். அவர் அசையவில்லை. 1925-இல் மறைந்தார்.

1957-இல் கென்னடி தலைமையில் அமைந்த செனட் குழு, தலைசிறந்த ஐந்து உறுப்பினருள் ஒருவராக அவரைத் தெரிந்தெடுத்தது. விலக்க எண்ணிய சபையே அவர் உருவப்படத்தைத் தன் மாளிகையில் ஏற்றுக் கொண்டது.