ஆய்வின் முதற்படி



ஆராய்ச்சி என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம்மிற் பலருக்குப் பல்கலைக்கழகமும் ஆய்வுகூடமும் தடித்த நூல்களுமே நினைவுக்கு வருகின்றன. அது பேரறிஞர்க்கு உரியது, நமக்கு எட்டாதது என்று ஒதுங்கிவிடுகின்றோம். ஆயின், தன் வயலிலே பயிர் மஞ்சளிப்பதைக் கண்டு, வரம்பில் நின்று, இது நீர்க்குறையா, பசளைக்குறையா, பூச்சியின் வேலையா என்று எண்ணுகின்ற கமக்காரனும் ஆராய்ச்சியின் வாயிலில் நிற்பவனே. அவ்வாயிலைத் திறக்கும் திறவுகோல் தெளிவான வினாவாகும். ஆய்வுக்குரிய வினாவை எவ்வாறு வகுத்துக்கொள்வது, அவ்வினாவிலிருந்து நோக்கங்களை எவ்வாறு அமைத்துக்கொள்வது என்பன பற்றி இன்று உங்களோடு சிறிது உரையாட விரும்புகின்றேன்.

முதலில் நம் நாட்டு வரலாற்றிலே நிகழ்ந்த ஒரு செய்தியைக் கூறுகின்றேன். இன்று தேயிலை பசுமை விரித்து நிற்கும் நம் மலைநாட்டிலே, ஒரு காலத்திற் கோப்பியே செழித்திருந்தது. 1869ஆம் ஆண்டில் அக்கோப்பிச் செடிகளின் இலைகளிலே செம்மஞ்சள் நிறப் புள்ளிகள் தோன்றுதல் கண்டறியப்பட்டது. இலைகள் உதிர்ந்தன, செடிகள் மெலிந்தன, விளைச்சல் ஆண்டுதோறும் குன்றியது. தோட்டத்துரைமாரின் முதலும், தென்னிந்தியாவிலிருந்து வந்து அத்தோட்டங்களிலே உழைத்த தமிழ்த் தொழிலாளரின் பிழைப்பும் ஒருங்கே ஆட்டங்கண்டன. மண் வளங்குன்றியதே காரணம் என்றார் சிலர். காலநிலையே காரணம் என்றார் வேறு சிலர். எல்லோரும் கேட்ட வினா ஒன்றே: "இதற்கு மருந்து என்ன?"

1880ஆம் ஆண்டில் மார்ஷல் உவாட் என்னும் இளம் தாவரவியலாளர் இந்நோயை ஆராயும் பொருட்டு இலங்கைக்கு அனுப்பப்பட்டார். மருந்து என்ன என்னும் வினாவுக்கு நேரே விடை தேட முயன்றிருப்பின், கைக்கு வந்த பொருள்களையெல்லாம் செடிகளின் மேல் தூவிப் பார்த்துக் காலங்கழித்திருப்பார். அவர் அவ்வினாவைச் சிறு வினாக்களாகப் பகுத்துக்கொண்டார். நோயை உண்டாக்கும் பங்கசு இலைக்குள்ளே எவ்வழியாற் புகுகின்றது? புகுவதற்கு அதற்கு என்ன சூழ்நிலை வேண்டும்? ஒரு செடியிலிருந்து மற்றொரு செடிக்கு எவ்வாறு செல்கின்றது?

இவ்வினாக்களின் சிறப்பை நேயர்கள் கவனித்தல் வேண்டும். இவை ஒவ்வொன்றுக்கும் கண்ணாற் கண்டு விடை கூற முடியும். பங்கசின் வித்திகள் காற்றிலே பரவுகின்றனவா என்பதை அறியக் கிளிசரின் பூசிய கண்ணாடித் தகடுகளை வெளியே வைத்தார். வித்திகள் வந்து அவற்றில் ஒட்டிக்கொண்டன. அவ்வித்திகள் ஈரத்திலே முளைத்து, அம்முளை இலையின் கீழ்ப்புறத்திலுள்ள இலைவாய்களின் வழியாக உட்புகுவதையும் அவர் கண்டார். நோய் வேரிலிருந்து எழுவதன்று, வெளியிலிருந்து வந்து இலையைப் பற்றுவது என்பது ஐயமின்றிப் புலனாயிற்று. பங்கசு உட்புகுந்த பின்னர் மருந்திடுவதாற் பெரும்பயனில்லை; புகுமுன்னரே தடுத்தல் வேண்டும் என்பதும் அதனோடு விளங்கிற்று.

உவாட் 1882இல் நாடு திரும்பினார். கோப்பியை அவராற் காப்பாற்ற முடியவில்லை. தோட்டத்துரைமார் பலர் ஏமாற்றமடைந்தனர். மலைகளிலே தேயிலை ஏறியது. எனினும், அவர் ஆய்வு வீண்போகவில்லை. செப்பும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோக் கலவை பயிர்நோய்களைத் தடுக்கும் என்பது 1885ஆம் ஆண்டளவில் பிரான்சு தேசத்திலே அறிவிக்கப்பட்டபோது, அத்தகைய மருந்தை நோய் வருமுன்னரே இலைமேல் தெளித்தல் வேண்டும் என்பதற்குரிய காரணம் முன்னரே கண்டறியப்பட்டிருந்தது. பேராதனையிலே தெளிவாகக் கேட்கப்பட்ட வினாக்களின் பயன் அது.

இதிலிருந்து நாம் அறியத்தக்க உண்மை ஒன்று உண்டு. இடர் என்பது வேறு, ஆய்வுப் பிரச்சினை என்பது வேறு. கோப்பி அழிகின்றது என்பது இடர். அதிலே எதை அறியாதிருக்கின்றோம் என்பதைப் பிரித்துக் காட்டுவது ஆய்வுப் பிரச்சினை. இடரைக் கண்டு வருந்துதல் எவர்க்கும் இயலும். அறியாமை எங்கே இருக்கின்றது என்று விரல்வைத்துக் காட்டுதற்குப் பயிற்சி வேண்டும்.

அப்பயிற்சி எனக்கு எத்துணைக் குறைவாக இருந்தது என்பதை, நாணத்தோடு, என் வாழ்விலிருந்தே கூறுகின்றேன். 2013ஆம் ஆண்டிலே மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையிலுள்ள ஒரு பாடசாலையில் அதிபராக இருந்தேன். மேல் வகுப்புப் பிள்ளைகளின் வரவு குறைந்துகொண்டே வந்தது. ஆசிரியர் கூட்டத்திலே இதனை ஆராய்ந்தோம், ஆராய்ந்ததாக எண்ணிக்கொண்டோம். பெற்றோரின் அசட்டையே காரணம் என்று அரை மணி நேரத்திலே முடிவு செய்தோம். இவ்வாறு தொடர்ந்தால் பிள்ளையின் பெயர் இடாப்பிலிருந்து நீக்கப்படும் என்று வீடுகளுக்குக் கடிதம் அனுப்பினேன். அதன் பின்னர் ஒன்பதாந் தரத்திலே கணிதத்தில் முதன்மையாக விளங்கிய ஒரு மாணவி அடியோடு நின்றுவிட்டாள்.

அவ்வேளையில் எங்கள் ஆசிரியை ஒருவர் பட்டப்பின் கல்வி டிப்ளோமாவுக்காகச் சிற்றாய்வொன்று செய்யவேண்டியிருந்தது. "பெற்றோரின் அசட்டையும் மாணவர் வரவும்" என்று தலைப்பிட்டு என்னிடம் காட்டினார். நன்று என்று நானும் ஒப்பமிட்டேன். இரண்டு வாரங்களின் பின் அது திரும்பி வந்தது. "ஐயா, இதிலே விடை இருக்கின்றது, வினாவைக் காணவில்லை என்று விரிவுரையாளர் எழுதியிருக்கின்றார்" என்றார் ஆசிரியை. எனக்கு முகத்திலே அறைந்தாற்போல இருந்தது.

அன்று மாலை இருவரும் வரவு இடாப்புகளை விரித்துவைத்து அமர்ந்தோம். முதலில் மூன்று நோக்கங்களை எழுதிக்கொண்டோம். ஒன்று, தரம் 8 முதல் 11 வரை, சென்ற தவணையிலே பத்து நாட்களுக்கு மேல் வராதவர் யாவர் எனக் கணக்கிடல். இரண்டு, அவர்கள் வராத நாட்கள் எவை என அட்டவணைப்படுத்தல். மூன்று, அவர்தம் வீட்டுச் சூழலை ஒழுங்காக வந்த மாணவரின் வீட்டுச் சூழலோடு ஒப்பிடல். அசட்டை என்னும் சொல் எங்கும் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

கணக்கிட்டபோது, வராதவர்களிற் பெரும்பாலோர் வீட்டிலே மூத்த பெண்பிள்ளைகள் என்பது தெரிந்தது. ஆசிரியை வீடு வீடாகச் சென்று வினவினார். தாய்மாரிற் சிலர் மத்திய கிழக்கு நாடுகளிலே வீட்டுவேலை செய்துகொண்டிருந்தனர். சிலர் நாட்கூலிக்குச் செல்பவர். சிறு குழந்தைகளை அம்மம்மா பார்த்துக்கொள்வார். அம்மம்மா வைத்தியசாலைக்குச் செல்லும் நாளிலும், அவருக்கு உடல்நலமில்லாத நாளிலும், மூத்தவள் வீட்டிலே நின்றுவிடுவாள். நின்றுபோன அந்த மாணவியின் வீட்டிலும் கதை இதுவே. நான் அனுப்பிய கடிதத்தை அவ்வீட்டிலே வாசிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். தன்னைக் கண்டிக்கும் கடிதத்தைத் தானே அம்மம்மாவுக்கு வாசித்துக் காட்டியிருக்கின்றாள்.

காரணம் தெரிந்த பின் வழியும் தெரிந்தது. ஊர் முன்பள்ளியிலே சிறுவர்களைப் பாடசாலை விடும் நேரம்வரை வைத்துக்கொள்ள ஏற்பாடு செய்தோம். பிள்ளைகள் சிலர் திரும்பி வந்தனர். அம்மாணவி வரவில்லை. பிழையான வினா தாளோடு நின்றுவிடுவதில்லை, நேயர்களே. சில வேளைகளில் அது ஒரு பிள்ளையின் கல்வியையே விலையாகக் கேட்கின்றது.

இனி, ஆய்வொன்றைத் தொடங்க விரும்பும் மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் பயன்படக்கூடிய சில வழிகளைத் தொகுத்துக் கூறுகின்றேன்.

முதலாவது, தலைப்பையும் வினாவையும் வேறுபடுத்துங்கள். "கிராமத்துக் கல்வி" என்பது தலைப்பு, அது கடல். கேள்விக்குறியோடு முடியும் ஒரு வசனமாக உங்கள் பிரச்சினையை எழுத முடியாதாயின், அது இன்னும் உங்கள் உள்ளத்திலே தெளிவடையவில்லை என்று கொள்ளுங்கள்.

இரண்டாவது, எல்லை வகுங்கள். எவரைப் பற்றி, எவ்விடத்திலே, எக்காலத்திலே என்னும் மூன்றும் வினாவினுள் அடங்குதல் வேண்டும். வேலி இல்லாத தோட்டத்திலே ஆடும் மாடும் புகுவதுபோல, எல்லை இல்லாத ஆய்விலே வேண்டாத செய்திகள் யாவும் புகுந்துவிடும்.

மூன்றாவது, அப்பொருள் பற்றி முன்னோர் கண்டவற்றைத் தேடிப் படியுங்கள். அவர்கள் விட்ட இடமே உங்கள் வினாவின் இடம்.

நான்காவது, விடையை வினாவினுள் மறைத்து வைக்காதீர்கள். இன்னதே காரணமாகலாம் என்று ஊகித்தல் தவறன்று. அதற்குக் கருதுகோள் என்று பெயர். ஆனால், அது பொய்யாகவும் கூடும் என்பதற்கு இடமளித்தல் வேண்டும்.

ஐந்தாவது, பொது நோக்கம் ஒன்றையும், அதன் கீழ் மூன்று நான்கு சிறப்பு நோக்கங்களையும் எழுதுங்கள். சிறப்பு நோக்கங்களிலே அறிதல், உணர்தல் என்னும் சொற்களைத் தவிர்த்து, கணக்கிடல், ஒப்பிடல், வகைப்படுத்தல் போன்ற வினைகளை ஆளுங்கள். அது நிறைவேறியதா, இல்லையா என்று பிறரொருவர் பார்த்துச் சொல்லக்கூடியதாக ஒவ்வொரு நோக்கமும் அமைதல் வேண்டும்.

இறுதியாக, உங்களிடமுள்ள காலம், பொருள், வசதி ஆகியவற்றுக்கு அடங்குமா என்று பாருங்கள். யாரிடம் வினவப் போகின்றீர்களோ, அவர்தம் மானத்துக்கும் மனத்துக்கும் ஊறு நேராதா என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

இவ்வளவுக்கும் ஒரு தாளும் ஒரு பேனையும் போதும். எழுதுங்கள், அடித்துத் திருத்துங்கள், மறுபடியும் எழுதுங்கள். விடை தேடிப் புறப்படுமுன் வினாவோடு சில நாட்கள் வாழ்தல் காலவிரயமன்று. நான் அக்கடிதத்தை எழுதுமுன் இடாப்பை ஒருமுறை விரித்துப் பார்த்திருக்கலாம். நீங்கள் பார்ப்பீர்கள் என்று நம்புகின்றேன்.